சுருளியோட முன்னங்கால் நொண்டல்: லாடமா வெறுங்காலான்னு பத்து மாசம் மண்டைய உடைச்ச கதை

சுருளிக்கு 13 வயசு, காயடிச்ச ஆண் குதிரை, எடை நாடா போட்டுப் பாத்தா 430 கிலோ பக்கம் வரும். நாலு கால்லயும் லாடம், அஞ்சு வருஷமா எங்கிட்ட இருக்கான், பெரிய வியாதின்னு எதுவும் வந்ததில்ல. அவனுக்கு நொண்டல் எப்போ ஆரம்பிச்சுதுன்னு கேட்டா எனக்கு சரியா சொல்லத் தெரியாது, அதுதான் இந்த கேஸ்லயே எனக்கு இருக்கற முதல் அவமானம். நொண்டுறான்னு நான் கண்டுபிடிச்ச தேதி தெரியும், ஆனா அதுக்கு ஆறேழு மாசம் முன்னாடியே அவன் சொல்லிட்டேதான் இருந்திருக்கான், நான்தான் காதுல வாங்கல.

என்னென்ன சொன்னான்னு இப்ப யோசிச்சா வரிசையா வருது. இறக்கத்துல இறங்கும்போது ஒவ்வொரு அடியா எண்ணி எண்ணி வெப்பான். சமதரையிலயே தடுக்கி விழப் பாப்பான். இடது பக்கமா வட்டம் சுத்தச் சொன்னா காத பின்னாடி மடக்கிட்டு மொறைப்பான். லாயத்துல சும்மா நிக்கும்போது ஒரு முன்னங்கால முன்னாடி நீட்டி வெச்சிருப்பான், கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொன்ன நீட்டுவான். ஆளு சொகமா நிக்கறான்னு நான் அத ஃபோட்டோ வேற எடுத்து வெச்சிருக்கேன். நடை சுருங்கிப் போச்சு, ஓட்டத்துல ஆசையே இல்ல, வயசாகுது சோம்பேறி ஆயிட்டான்னு நெனச்சுட்டேன்.

ஒரு நாள் ஜல்லிக் கல்லு கெடந்த பாதையில கால வெச்சவன் அப்படியே முன்பக்கமா குனிஞ்சு நின்னுட்டான். அன்னிக்குத்தான் கயித்தப் புடிச்சு கெட்டித் தரையில ஓட விட்டுப் பாத்தேன். தலை ஆடுச்சு. முன்னங்கால் நொண்டல்ல தலைதான் காட்டிக் கொடுக்கும். வலிக்கற கால் தரையில படும்போது பாரத்த கொறைக்க தலைய மேல தூக்கும், நல்ல கால் படும்போது தலை கீழ இறங்கும். நெறைய பேர் தல எந்தக் கால்ல இறங்குதோ அந்தக் கால்தான் வலிக்குதுன்னு நெனச்சு தலைகீழா புரிஞ்சுக்கறாங்க, நானும் ஒரு காலத்துல அப்படித்தான். சுருளிக்கு இடது கால் படும்போது தலை மேல போச்சு, அப்ப இடதுதான்.

அப்பறம் நான் பண்ண தப்பெல்லாம்

முதல்ல தோள்பட்டைன்னு முடிவு பண்ணேன். ஏன்னு கேட்டா, பாத்தவங்க அத்தன பேரும் தோள்பட்டைன்னாங்க. குதிரை கால முன்னாடி நீட்டாம சுருக்கி வெச்சா தோள் இறுகின மாதிரிதான் தெரியும். ரெண்டு வாரம் தைலம் தேய்ச்சேன். முன்னங்கால் நொண்டல்ல பெரும்பாலும் கோளாறு பாதத்துலதான் இருக்கும்னு பின்னாடி டாக்டர் சொன்னப்ப, தைல பாட்டில தூக்கி கடாசணும்னு இருந்துச்சு.

அடுத்தது சீழ் கட்டியிருக்கும்னு சந்தேகம். லாடம் அடிக்கற அண்ணன் (இனி அண்ணன்னே எழுதறேன்) லாடத்த கழட்டி, அங்கங்க தட்டிப் பாத்து, ஒண்ணும் புரியலன்னு ஒத்தடக் கட்டு போடச் சொன்னாரு. மூணு நாள் எப்சம் உப்பு வெச்சு கட்டினேன், ஒரு மாத்தமும் இல்ல. சீழ்னா இப்படி இருக்காதுன்னு அப்ப தெரியல. சீழ் வந்தா ராத்திரி நல்லா இருந்தவன் காலைல மூணு கால்ல நிப்பான், குளம்பு கொதிக்கும், கணுமூட்டுக்குப் பின்னாடி வெரல் வெச்சா நாடி தம் தம்னு அடிக்கும். சுருளிக்கு இதுல எதுவுமே இல்ல, இழுத்துக்கிட்டே போற மந்தமான வலி.

மூணாவது தப்புதான் பெருசு. வீட்டுல மிச்சம் இருந்த ஃபினைல்பியூட்டசோன் பொடி, பியூட்னு சொல்லுவோமே அது, அஞ்சு நாள் கொடுத்தேன். கொடுத்த ரெண்டாவது நாளே ஆளு துள்ளிட்டு ஓடுறான். நான் சரியாயிடுச்சுன்னு சந்தோஷமா மறுபடி லாடம் அடிக்க வெச்சு சவாரியும் போயிட்டேன். நிறுத்தின மூணாம் நாள் பழைய குருடி கதவைத் தொறடி. வலிய அடக்கற மருந்து வலிய மட்டுந்தான் அடக்கும், உள்ள தேயறது தேஞ்சுட்டேதான் இருக்கும். நம்ம இஷ்டத்துக்கு நாள்கணக்குல கொடுத்தா இரைப்பையிலயும் பெருங்குடல்லயும் புண்ணு, கிட்னிக்கும் கேடு. டாக்டர் வர்ற தேதி குறிச்சதும் அவர் போன்லயே கேட்ட முதல் கேள்வி, "எதாச்சும் வலி மருந்து கொடுத்தீங்களா?". கொடுத்தேன்னு சொன்னதுக்கு, மருந்து உள்ள இருந்தா நான் வந்து பாக்கறது வீண், சுத்தமா நிறுத்திட்டு சில நாள் போகட்டும்னு தள்ளி வெச்சுட்டாரு.

டாக்டர் வந்த அன்னிக்கு

அந்த ரெண்டு மணி நேரத்த நான் மறக்கவே மாட்டேன், அதனால கொஞ்சம் விரிவா எழுதறேன்.

வந்தவுடனே அவர் குளம்ப தொடல. அஞ்சு நிமிஷம் சும்மா நின்னு பாத்தாரு. அப்பறம் ஓட விட்டாரு, நேர்க்கோட்டுல, பிறகு ரெண்டு பக்கமும் வட்டத்துல. இடது வட்டத்துல இடது கால் உள்பக்கம் வரும்போது நொண்டல் நல்லா தெரிஞ்சுது. 0லேர்ந்து 5 வரைக்கும் மார்க் போடற முறையில 3 குடுத்தாரு, அதாவது ஓட்டத்துல எப்பவும் கண்ணுக்குத் தெரியுற அளவு. பிறகு பெரிய குறடு மாதிரி இருக்கற குளம்பு அழுத்திய வெச்சு அங்குலம் அங்குலமா அமுக்கினாரு. முனையில ஒண்ணுமில்ல, ஓரத்துல ஒண்ணுமில்ல, குதிப்பக்கம் ஃபிராக் மேல அமுக்கினதும் வெடுக்குனு கால உருவினான். ஃபிராக்குன்னா அடிப்பக்கத்துல முக்கோணமா ரப்பர் மாதிரி இருக்குமே, அது. சுருளியோடது ரப்பர் மாதிரியே இல்ல, ஒல்லியா காஞ்ச கத்தரிக்கா காம்பு மாதிரி சுருங்கிப் போயிருந்துச்சு. அதோட நடுப்பள்ளத்துல ஒரு பஞ்சுக் குச்சிய மெதுவா விட்டாரு. போகுது போகுது, பஞ்சு முழுசும் உள்ள போயி மறைஞ்சு, குச்சியில கிட்டத்தட்ட ரெண்டரை சென்டிமீட்டர் வரைக்கும். வெளிய எடுத்தா கறுப்பா பிசுபிசுன்னு, நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். தினமும் கொக்கி வெச்சு மண்ணு எடுக்கறவன் நான், அந்தப் பள்ளம் வெளிய பாக்க வெறும் கோடாத்தான் தெரிஞ்சுது. இது த்ரஷ், காத்துப் படாத இடத்துல கிருமி உக்காந்து ஃபிராக்க அழுக வெக்கறது, உள்ள உயிருள்ள சதை வரைக்கும் போயிருக்கு, இது ஒண்ணே போதும் குதியில பாரம் போடப் பயப்படறதுக்குன்னாரு.

அப்பறம்தான் நரம்ப மரக்க வெக்கற டெஸ்ட். கணுமூட்டுக்கு கீழ, குதிக்கு மேல, ரெண்டு பக்கமும் சின்ன ஊசி, பக்கத்துக்கு ரெண்டு மில்லி கூட வராது. பத்து நிமிஷம் கழிச்சு பேனா முனையால குதிய குத்திப் பாத்தாரு, உணர்ச்சி இல்ல. ஓட விட்டோம். இடது கால் நொண்டல் போச்சு. நான் அப்பாடான்னு மூச்சு விடறதுக்குள்ள அவர் கையக் காட்டி, "இப்ப தலையப் பாருங்க"ன்னாரு. தலை ஆடுது. இப்ப வலது கால் படும்போது மேல போகுது.

அதாவது ரெண்டு கால்லயும் வலி. இடதுல கொஞ்சம் அதிகம், அது வலதோட வலிய மறைச்சுட்டு இருந்திருக்கு. ரெண்டு காலும் வலிச்சா எந்தக் கால்ல நொண்டறது? அதான் நடைய சுருக்கிக்கிட்டான், மாத்தி மாத்தி கால நீட்டிக்கிட்டான். நான் சோம்பேறின்னு சொன்னது இதத்தான். வலதுக்கும் ஊசி போட்டு ஓட விட்டப்ப கால வீசி வீசி போனான் பாருங்க, வாங்கின புதுசுல பாத்த நடை. கண்ணுல தண்ணி வந்துருச்சு, அது மருந்தோட மாயம்னு தெரிஞ்சும்.

இந்த டெஸ்ட்ல ஒரு விஷயம் தெளிவா சொன்னாரு. இந்த இடத்துல மரக்க வெச்சா குதி மட்டும் மரக்காது, பாதத்தோட பெரும்பகுதி மரத்துடும், சோலும், அதாவது குளம்போட அடித்தட்டும் சேத்து. அதனால ஊசிக்கு நொண்டல் போச்சு, அப்ப நாவிகுலர் எலும்புதான் (குதிப்பக்கம் குளம்புக்குள்ள இருக்கற சின்ன எலும்பு) கோளாறுன்னு உடனே முத்திரை குத்த முடியாது. வலி பாதத்துக்குள்ள இருக்குன்னு மட்டுந்தான் சொல்லலாம்.

எக்ஸ்ரே எடுத்தது ரெண்டு முன்னங்காலுக்கும். இடது கால்ல சோலோட தடிமன் 8 மில்லிமீட்டர், வலதுல 9. குறைஞ்சது 15 இருந்தா தேவலன்னாரு. குளம்புக்குள்ள இருக்கற பெரிய எலும்புக்கு காஃபின் எலும்புன்னு பேரு, அதோட அடிப்பக்கம் பின்னாடி கொஞ்சம் உயரமா, சில டிகிரி சாஞ்சு இருக்கணும், சுருளிக்கு கிட்டத்தட்ட தரைக்கு இணையா படுத்துக் கெடந்துச்சு. முனை நீண்டு போயி, குதி முன்பக்கமா ஓடிப் போயி எலும்புக்கு அடியில முட்டுக் கொடுக்க ஆளில்லாத மாதிரி. இடது நாவிகுலர் எலும்புல லேசான மாத்தம் இருக்கு, அத வெச்சு பயப்படவும் வேணாம், கண்டுக்காம விடவும் வேணாம்னாரு. காஃபின் எலும்பு எடம் விட்டு திரும்பல, அதனால பழைய லாமினைட்டிஸ் (குளம்புச் சுவரையும் எலும்பையும் சேத்துப் புடிக்கற சதை வீங்கி விட்டுப்போற வியாதி) மாதிரி தெரியல. ஆனாலும் கழுத்து மேல கொழுப்பு மேடு இருக்கறதால, இன்சுலின் ஏறினாலும் அந்த வியாதி வரும்னு ரத்தத்துல இன்சுலின் பாத்தாரு, நார்மல்.

எம்ஆர்ஐ எடுக்கலாமான்னு நானே கேட்டேன். எடுத்தா பின்னாடி ஓடற ஆழமான தசைநாண்ல கிழிசல் இருக்கா இல்லையான்னு தெரியும், எக்ஸ்ரேல அது தெரியாது. ஆனா எடுத்தாலும் அடுத்த மூணு மாசம் செய்யப் போறது ஒண்ணுதான்: முனைய குறைக்கணும், த்ரஷ்ஷ ஆத்தணும், நேர்க்கோட்டுல நடக்க வெக்கணும். மூணு மாசத்துல அசையலன்னா எடுப்போம்னு ஒத்திப் போட்டோம். அது சரியான முடிவுன்னு இப்பவும் நெனக்கறேன், ஆனா தசைநாண் கிழிஞ்சிருந்தா இப்படி எழுதிட்டு இருக்க மாட்டேன்னும் தெரியும்.

ஏன் இப்படி ஆச்சு

லாடம் அடிச்சிருக்கற குளம்பு வளரும், ஆனா முனைப்பக்கம் தேயாது, லாடம்தான் தேயும். குதிப்பக்கம் ஒவ்வொரு அடியிலயும் விரிஞ்சு சுருங்கும்ல, அது லாடத்து மேல உராசி கொஞ்சம் தேயும். அதனால நாளாக நாளாக முனை நீளமாகும், குதி தாழும், குளம்போட சாய்வு படுத்துக்கும். மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு கொஞ்சம் குறைவா வளரும்னு வெச்சா ரெண்டு மாசத்துல எவ்வளவுன்னு கணக்கு போட்டுக்கலாம். முனை நீண்டா கால் தரைய விட்டு உருளும்போது நெம்புகோல் நீளமான மாதிரி, பின்னாடி ஓடற தசைநாண் இறுகி நாவிகுலர் எலும்ப அமுக்கும். குதி வலிக்கும். குதி வலிச்சா முனைய முதல்ல ஊனுவான், முனைய முதல்ல ஊனினா குதிக்குள்ள இருக்கற மெத்தை மாதிரி சதைக்கு வேலையே இருக்காது, வேலை இல்லன்னா மெலியும், மெலிஞ்சா இன்னும் வலிக்கும். சுத்தி சுத்தி வந்தா அதே எடந்தான்.

அண்ணன் அஞ்சு ஆறு வாரத்துக்கு ஒருக்கா வரேன்னுதான் எப்பவும் சொல்லுவாரு. லாடம் இன்னும் கெட்டியா இருக்கே அண்ணா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு தள்ளினது நான். டாக்டர் போனப்பறம் நோட்டுப் புஸ்தகத்த எடுத்துப் பாத்தேன். கடைசி நாலு தடவ இடைவெளி 9 வாரம், 10 வாரம், 9 வாரம், 11 வாரம். அந்தப் பக்கத்த ரொம்ப நேரம் பாத்துட்டே ஒக்காந்திருந்தேன்.

லாடமா, வெறுங்காலா

இங்கதான் எல்லாரும் சண்டை போட்டாங்க. நான் ஏற்கனவே வெறுங்கால் பக்கம் சாஞ்சவன், படிச்சு படிச்சு லாடம்னாலே கெட்டதுங்கற மாதிரி ஒரு வெறி ஏறியிருந்துச்சு. அண்ணனுக்கு என் முகத்தப் பாத்தே தெரிஞ்சுடுச்சு. "தம்பி, நீ லாடத்த கழட்டிட்டா அவன் நாளைக்கு நடக்கவே மாட்டான், சோல் காகிதம் மாதிரி இருக்கு. முனைய உள்ள தள்ளி, குதிக்கு ஆப்பு வெச்சு, பின்னாடி மூடின லாடம் போடறேன், ஒரே வாரத்துல ஓடுவான் பாரு"ன்னாரு. ஒரே வாரத்துல ஓடுவாங்கறது உண்மையாவே இருக்கலாம். ஆப்பு வெச்சா தசைநாணோட இறுக்கம் குறையும், வலி உடனே குறையும். ஆனா ஏற்கனவே நசுங்கின குதிக்கு மேல ரொம்ப நாள் ஆப்பு இருந்தா குதி இன்னும் நசுங்கும், அதுவும் மறுக்க முடியாது. இதையும் அண்ணனே ஒத்துக்கிட்டாரு.

டாக்டர் ரெண்டுல எதுவும் பண்ணலாம்னாரு. மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போட்டு வலிய எறக்கலாம், இன்சுலின் நார்மல்ங்கறதால அதுல லாமினைட்டிஸ் பயம் குறைவு, ஆனா இப்ப அவசரம் இல்ல. நரம்ப வெட்டற ஆபரேஷன் பத்தியும் நான் கேட்டேன், கடைசி வழின்னு ஒரு வரியில முடிச்சுட்டாரு. வலி தெரியாத பாதத்துல ஆணி ஏறினாலும் தெரியாது, தசைநாண் அறுந்தாலும் தெரியாது, போதாக்குறைக்கு வெட்டின நரம்பு மறுபடி வளர்ந்து வரவும் செய்யும்.

நான் எடுத்த முடிவுக்கு காரணம் தத்துவம் இல்ல, அந்த நடுப்பள்ளம்தான். பின்னாடி மூடின லாடம், பேட் எல்லாம் போட்டா அந்த ரெண்டரை சென்டிமீட்டர் பள்ளத்த தினமும் சுத்தம் பண்ண எடமே இருக்காது. த்ரஷ் ஆறாம குதியில பாரம் போட மாட்டான், குதியில பாரம் போடாம எதுவும் திரும்ப வளராது. அதனால லாடத்த கழட்டறது, ஆனா வெறுங்காலோட விடறதில்ல, உள்ள ஃபோம் பேட் வெச்ச பூட்ஸ். இன்னொண்ணும் பண்ணேன், அதுக்காக என்ன நானே மெச்சிக்கறேன். எப்போ தோத்துட்டேன்னு ஒத்துக்கணும்கறத முன்னாடியே எழுதி வெச்சேன். ஆறு வாரத்துல பூட்ஸோட மெத்துன்னு இருக்கற தரையில இயல்பா நடக்கலன்னா லாடம். பன்னெண்டு வாரத்துல எக்ஸ்ரேல சோல் கூடலன்னா லாடம். அண்ணன் அத படிச்சுப் பாத்துட்டு சிரிச்சாரு, "பன்னெண்டு வாரத்துக்குள்ள நீயே கூப்பிடுவ"ன்னு. ஆனா டிரிம் பண்ண, அதாவது வளர்ந்த குளம்ப அரத்தால சீராக்க, நாலு வாரத்துக்கு ஒருக்கா வர ஒத்துக்கிட்டாரு, அந்த மனுஷனுக்கு பெரிய மனசு.

வாரக்கணக்கு

முதல் டிரிம்ல அண்ணன் சோல்ல கத்தியே வெக்கல. அடியில ஒரு மில்லி கூட எடுக்கக் கூடாது, இருக்கறதே எட்டுதான்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருந்தாரு. முனைய முன்பக்கத்துலேர்ந்து அரத்தால பின்னாடி தள்ளி, விளிம்ப உருட்டி விட்டாரு, அவ்வளவுதான். நான் குளம்பும் தோலும் சேர்ற விளிம்புக்கு கீழ மார்க்கர்ல ஒரு கோடு போட்டு, ஸ்கேல் வெச்சு ஃபோட்டோ எடுத்தேன், பக்கவாட்டுலயும் அடியிலயும், அதே எடம் அதே வெளிச்சம். நடக்கறத ஃபோன தரையில வெச்சு ஸ்லோமோஷன்ல எடுத்தேன். வெறும் கண்ணால பாத்து குதி முதல்ல படுதா முனை முதல்ல படுதான்னு அடிச்சு சொல்லறவங்கள நான் இப்ப நம்பறதில்ல. ஸ்லோமோஷன்ல பாத்தா சுருளி அப்பட்டமா முனையத்தான் ஊனினான், அதுவும் வெளி ஓரம் முதல்ல.

த்ரஷ் வைத்தியம்தான் ரொம்ப படுத்துச்சு. தினமும் உப்புத்தண்ணியில கழுவி, துடைச்சு நல்லா காய விட்டு, மெல்லிசான காஸ் துணிய திரி மாதிரி முறுக்கி போவிடோன் அயோடின்ல நனைச்சு பிழிஞ்சு, பல்லு எடுக்கற நூல் மாதிரி பள்ளத்துக்குள்ள மெதுவா இறக்கணும். முதல் வாரம் துணி உள்ள போகும்போது கால் நடுங்கும் அவனுக்கு. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்து, ஃபார்மலின் ஊத்துன்னு ஆளாளுக்கு சொன்னாங்க, உயிருள்ள சதை வரைக்கும் திறந்து கெடக்கற புண்ணுல அத ஊத்தினா நல்ல சதையும் சேந்து வெந்து போகும்னு டாக்டர் தடுத்துட்டாரு. பூட்ஸையும் நாள் முழுக்க போட்டு வெக்க முடியாது, உள்ள வேர்த்து ஊறினா த்ரஷ்ஷுக்கு விருந்து வெச்ச மாதிரி. ராத்திரி கழட்டி, காஞ்ச படுக்கையில விடறது. அஞ்சாவது வாரத்துல திரிய எடுத்தப்ப நாத்தம் இல்ல. நான் மூக்குகிட்ட கொண்டு போயி மோந்து பாத்துட்டு ஒரு ஆட்டமே போட்டேன், சுருளி என்ன ஒரு மாதிரி பாத்தான். பள்ளம் மேடாகி விரல் நுனி வெச்சா அடி தெரியுற அளவுக்கு வர எட்டு வாரம் ஆச்சு.

நடை: கெட்டியான சமதரை, நேர்க்கோடு மட்டும், கையில புடிச்சு. பத்து நிமிஷம் ரெண்டு வேளை, வாரத்துக்கு அஞ்சு நிமிஷம் கூட்டறது. வட்டம் சுத்தவே இல்ல. ஆறாவது வாரம் பூட்ஸோட சமதரையில சாதாரணமா நடந்தான், முதல் கெடு தாண்டியாச்சு. பூட்ஸ் ஒரு ஜோடி குதிமேட்டுல உராசி தோல் பிஞ்சு போச்சு, டிரிம் பண்ணின உடனே அளவெடுக்காம வளர்ந்த குளம்புல அளவெடுத்தது என் தப்பு. ஃபோம் பேட் மூணு வாரத்துல அமுங்கி அப்பளமாயிடும், மாத்திட்டே இருக்கணும், இத யாரும் எனக்கு சொல்லல.

தீனியில தானியத்தையும் வெல்லப்பாகையும் நிறுத்தினேன், தாமிரமும் துத்தநாகமும் பத்தலன்னு கொஞ்சம் சேத்தோம். அதுக்கு பலன் இருந்துச்சான்னு என்னால பிரிச்சு சொல்ல முடியாது. மேலேர்ந்து வளர்ந்து தரைக்கு வர முனைப்பக்கம் ஒம்பது மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் ஆகும், அதுக்குள்ள நூறு விஷயம் மாறிடுது.

ஒம்பதாவது வாரம் காலைல லாயத்துக்குப் போனா வலது முன்னங்கால் தரையில படவே இல்ல. குளம்பு கொதிக்குது, நாடி தம் தம்னு அடிக்குது. எனக்கு கை கால் ஓடல. அண்ணன் சொன்னத கேட்டிருக்கலாமே, என் வெறிக்கு இவன பலி குடுத்துட்டேனேன்னு அழுதுட்டேன். டாக்டர் வந்து அழுத்திய வெச்சதுமே முனைக்கு பக்கத்துல ஒரே ஒரு புள்ளியில துடிச்சான். அங்க ஒரு மெல்லிய கறுப்புக் கோடு, அத பின்தொடர்ந்து சின்ன கத்தியால சொரண்டிட்டே போனாரு, திடீர்னு சாம்பல் கறுப்பா தண்ணி மாதிரி சீழ் பீச்சிட்டு வந்துச்சு. ஒரு மணி நேரத்துல கால ஊனிட்டான். மூணு நாள் ஒத்தடக் கட்டு, டெட்டனஸ் தடுப்பூசி தேதிய சரி பாத்தாரு, குதிரைங்களுக்கு டெட்டனஸ் ரொம்ப சுலபமா வரும், அதுல அலட்சியமே கூடாது. மெல்லிசான சோல்ல அடிபட்டு வந்திருக்கலாம், லாடம் போட்டிருந்தாலும் வந்திருக்கலாம், அடிச்சு சொல்ல முடியாதுன்னாரு. முதல்ல நான் மந்தமான வலிக்கு சீழ்னு கட்டு போட்டேன்ல, நெஜமான சீழ் எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் பாத்தேன்.

பன்னெண்டாவது வாரம் எக்ஸ்ரே. இடது 12, வலது 11. எலும்பு லேசா சாய்வுக்கு வந்திருக்கு. நாவிகுலர் எலும்பு அப்படியேதான் இருக்கு, அது மாறணும்னு யாரும் எதிர்பாக்கவும் இல்ல. வீடியோல இடது கால் சப்பையா ஒரே நேரத்துல படுது, வலது குதி முதல்ல படுது. குளம்புச் சுவர்ல மேல ரெண்டு விரல் அகலத்துக்கும் கொஞ்சம் குறைவா புது வளர்ச்சி நிமிர்ந்த சாய்வுல இறங்குது, அதுக்கு கீழ பழசு படுத்துக் கெடக்குது, நடுவுல மடிப்பு விழுந்த மாதிரி தெளிவா ஒரு கோடு. நான் ஸ்கேல வெச்சு அண்ணன்கிட்ட காட்டினேன். அவர் விரலால அந்த மடிப்ப தடவிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம அரத்த எடுத்தாரு.

இப்ப

பத்து மாசம் ஆச்சு. அந்த மடிப்பு கிட்டத்தட்ட தரைக்கு வந்துருச்சு. ஃபிராக் அகலமா ஆயிருக்கு, கட்டை விரல வெச்சு அமுக்கினா திருப்பி அமுக்குது. சவாரி போறேன், முன்னங்காலுக்கு பூட்ஸ் போட்டு, ஜல்லி இல்லாத பாதையில. வெறுங்கால்ல கல்லு மேல நடக்க மாட்டான், நடக்க வெக்கவும் மாட்டேன். போன மாசம் டாக்டர் பாத்தப்ப நேர்க்கோட்டுல நொண்டல் இல்ல, கெட்டித் தரையில இடது வட்டத்துல மட்டும் எப்பவாச்சும் ஒரு தடவ தலை ஆடுது, 1னு எழுதினாரு. அது போகுமான்னு கேட்டேன், போகாமலும் இருக்கலாம், அதுக்கேத்த மாதிரி வேலைய வெச்சுக்கோங்கன்னாரு. சின்ன வட்டம், தாண்டறது, கெட்டித் தரையில வேகம் இதெல்லாம் அவனுக்கு முடிஞ்சு போச்சுன்னு நான் ஏத்துக்கிட்டேன்.

வெறுங்கால்தான் சரி, லாடம் தப்புன்னு இப்ப என்கிட்ட கேட்டா ஆமான்னு சொல்ல மாட்டேன். அண்ணன் சொன்ன லாடத்த போட்டு, த்ரஷ்ஷுக்கு வழி விட்டு, அஞ்சு வாரத்துக்கு ஒருக்கா ஒழுங்கா மாத்தியிருந்தா இதே எடத்துக்கு வந்திருப்பானோன்னு எனக்கு சந்தேகம் இருக்கு. ஒரே குதிரைய ரெண்டு விதமா ஓட்டிப் பாக்க முடியாது. எனக்குத் தெரிஞ்சு நிச்சயமா மாறினது ரெண்டுதான், பள்ளம் ஆறிச்சு, முனை நீள விடாம நாலு வாரத்துக்கு ஒருக்கா அரம் பட்டுச்சு. பத்து வாரத்துக்கு ஒருக்கா டிரிம் பண்ணின வெறுங்காலும் இதே மாதிரி நாசமாத்தான் போயிருக்கும்.

நேத்து அண்ணன் வந்தாரு. முடிச்சுட்டு அரத்த துடைச்சுக்கிட்டே, அடுத்த வாரம் ஊருக்குப் போறேன், வர ஒரு ரெண்டு வாரம் தள்ளிப் போகும், ஆறு வாரத்துல பாப்பமான்னு கேட்டாரு. ஊருக்குப் போறதுக்கு முந்தின நாளே ஒரு எட்டு வந்துட்டுப் போங்கண்ணான்னேன். சிரிச்சாரு. நோட்டுல தேதிய அவரே எழுதிட்டுப் போயிருக்காரு.